எல்லா நோட்டிலும் ஒரே கதை

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கதை எழுதச் சொல்லும் முன் ஒரு நல்ல கதையைப் படித்துக் காட்டுவது என் வழக்கம். சென்ற மாதம் காணாமல் போன நாய்க்குட்டியைப் பற்றிய ஒரு கதையை வாசித்துவிட்டு, "இதைப் போல நீங்களும் ஒன்று எழுதுங்கள்" என்றேன். திருத்த உட்கார்ந்தால் எல்லா நோட்டிலும் அதே கதை. நாய்க்குட்டி பூனைக்குட்டி ஆகியிருந்தது. சில நோட்டில் அதுவும் ஆகவில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் குட்டி திரும்பி வராமலே கதையை முடித்திருந்தாள். மற்ற வரிகளெல்லாம் மாதிரிக் கதையின் வரிகளே என்பதால் அவளுக்கும் குறைந்த மதிப்பெண்தான் போட்டேன். அடுத்த முறை மாதிரி எதுவும் காட்டாமல் தலைப்பை மட்டும் கொடுத்தேன். பாதிப் பேர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாதிரி காட்டினால் பிள்ளைகளின் கற்பனை செத்துப்போகும் என்கிறார் உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர். காட்டலாமா, கூடாதா? காட்டினால் எப்படிக் காட்டுவது? எழுத்துப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைதான் கிடைக்கிறது.

— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

காட்டுங்கள். ஆனால் "இதைப் போல எழுதுங்கள்" என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஒன்பது, பத்து வயதில் ஒரு கதையைக் கேட்கும் பிள்ளைக்குத் தெரிவது யார், எங்கே, என்ன நடந்தது என்பவைதாம். அதைப் போல எழுதச் சொன்னால், தெரிந்ததைத்தான் அது திருப்பித் தரும். நாய்க்குட்டியைப் பூனைக்குட்டி ஆக்கியவர்கள் சோம்பேறிகள் அல்லர். நீங்கள் சொன்னதை அப்படியே செய்தவர்கள். அந்தக் கதையை எழுதியவர் எங்கே தொடங்கினார், எதைச் சொல்லாமல் விட்டார், எந்த இடத்தில் வாக்கியத்தைச் சட்டென்று முடித்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியவே இல்லை. தானாகத் தெரியவும் செய்யாது. அதைத் தெரிய வைப்பதுதான் நம் வேலை. மாதிரியைக் கையில் கொடுப்பது அந்த வேலையின் தொடக்கம் மட்டுமே.

உங்கள் மூத்த ஆசிரியரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பார்த்து வளர்ந்த மாதிரி வேறு. தேர்வுக்கு முன் மாதிரிக் கட்டுரையை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மனப்பாடம் செய்து, தலைப்பு சற்று மாறி வந்தாலும் அதையே எழுதிவிட்டு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் உண்மையிலேயே கற்பனையைக் கொல்கிறது. ஆனால் அதற்காக மாதிரியையே ஒழித்தால் நடப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். வெறும் தலைப்பு கொடுத்த அன்று எழுதியவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளைகளாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். அவர்களுக்குள் முன்பே நிறைய மாதிரிகள் சேர்ந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு அது வகுப்பில்தான் கிடைக்க வேண்டும். மாதிரி இல்லாத வகுப்பு எல்லோருக்கும் சமமான சுதந்திரம் தருவதுபோல் தோன்றும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுமே அது சுதந்திரம்.

முன்னோரைப் பின்பற்றுவது நம் மரபில் குறைவானதாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னவர் தாம் விரும்பும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதே வழிநூல் என்கிறது நன்னூல். ஒத்துப்போவதும் வேறுபடுவதும் அந்த ஒரே இலக்கணத்தில் சேர்ந்து நிற்கின்றன. உங்கள் வகுப்பில் முதல் பாதி நடந்துவிட்டது. இரண்டாவது பாதியை எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.

முழுக் கதையை விட்டுவிட்டு ஒரு சிறு பகுதியோடு தொடங்குங்கள். இதற்காகவே நான் எழுதி வைத்திருக்கும் ஒன்று இது:

"சட்டைப் பைக்குள் கையை விட்டாள் மலர். இருந்தது. நாலு எட்டு நடந்தாள். மறுபடியும் கையை விட்டாள். இருந்தது. வழியில் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் வந்தது. ஒரே தாவாகத் தாவினாள். வீட்டு வாசலுக்கு வந்து கையை விட்டாள். விரல் நுனிக்கு ஒரு சின்ன ஓட்டை தட்டுப்பட்டது. அந்த ஓட்டை வழியாக விரல் வெளியே வந்தது."

முதலில் இதைச் சத்தமாக வாசியுங்கள். இரண்டு முறை. உத்தி, உவமை என்று எதையும் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் வாசகர்களாக அவர்களைப் பேசவிடுங்கள். பைக்குள் என்ன இருந்தது? சாவி என்பார்கள் சிலர். வாசலுக்கு வந்ததும் தேடுகிறாளே என்று காரணமும் சொல்வார்கள். காசு என்பார்கள் வேறு சிலர். சண்டை சூடு பிடிக்கும், பிடிக்கட்டும். எங்கே விழுந்திருக்கும்? தாவிய இடத்தில் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். அந்தப் பள்ளம் ஏன் கதைக்குள் வந்தது என்பது அப்போது அவர்களுக்குப் புரியும். அந்தப் புரிதலை நாம் சொல்லிக் கொடுத்தால் அதன் சுவை போய்விடும். படித்து மகிழாத பகுதியிலிருந்து எந்தப் பிள்ளையும் எதையும் கற்றுக்கொள்ளாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால் இந்தப் பேச்சுக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் அதை வீண் என்று நினைக்காதீர்கள்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: மலர் கவலையோடு இருந்தாளா? ஆமாம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். எந்த வரியில் அப்படி இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகித் தேடும். அந்தச் சொல் எங்கும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? அடிக்கடி கையை விட்டுப் பார்க்கிறாள் என்று ஒருவர் சொல்வார். "இருந்தது" என்று இரண்டு முறை வந்தது, மூன்றாம் முறையும் வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்று இன்னொருவர் சொல்வார். அந்த இரண்டாவது பிள்ளை எழுத்தாளரின் கையைப் பார்த்துவிட்டது. அங்கே நின்று, அந்தக் கண்டுபிடிப்புக்கு வகுப்பே ஒரு பெயர் வைக்கட்டும். "மூன்றாம் முறை மாறும்" என்று வைத்தாலும் சரி, வேறு எதை வைத்தாலும் சரி. இலக்கியக் கலைச்சொல் எதுவும் வேண்டாம். தாங்களே பெயர் வைத்த உத்தியைத்தான் அவர்கள் அடுத்த மாதமும் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

ஒரு பகுதிக்கு ஓர் உத்தி. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நல்ல பகுதி ஒன்றைக் கண்டால் அதில் உள்ள உவமை, உரையாடல், தொடக்கம், முடிவு எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்துக் காட்டிவிடத் துடிக்கும் நம் மனம். அப்படிச் செய்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு பட்டியல்.

அடுத்து, எழுதும் முன் வாக்கியங்களோடு சற்று விளையாட விடுங்கள். தமிழ் இதற்கு அள்ளிக் கொடுக்கும் மொழி. மேலே உள்ள பகுதியில் பெரும்பாலும் ஒவ்வொரு செயலும் வினைமுற்றோடு நிற்கிறது: விட்டாள், நடந்தாள், தாவினாள். இதையே வினையெச்சங்களால் கோத்து எழுதச் சொல்லுங்கள்: "மலர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, நாலு எட்டு நடந்து, மறுபடியும் கையை விட்டுப் பார்த்து, பள்ளத்தைத் தாவி, வாசலுக்கு வந்தாள்." இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கட்டும். செய்தி ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் மலரின் பதற்றம் காணாமல் போய்விட்டது. அப்படியானால் வினையெச்சக் கோவை எங்கே பொருந்தும்? மூச்சிரைக்க ஓடுகிற ஒருவனைப் பற்றி எழுதிப் பார்க்கட்டும். அங்கே அது அழகாக ஓடும். அதேபோல "மலர் கையை விட்டாள்" என்பதையும் "கையை விட்டாள் மலர்" என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். எது சரி என்ற கேள்வி இங்கே எழாது. எது இங்கே பொருந்துகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. இலக்கணப் பாடத்தில் எச்சமும் முற்றும் படித்து முடித்த பிள்ளைகள், அவை எதற்கு என்பதை இப்படித்தான் உணர்கிறார்கள்.

இப்போது எழுதலாமா? இன்னும் தனியாக வேண்டாம். நாம் அதிகம் விட்டுவிடுகிற படி இதுதான்: எல்லோரும் சேர்ந்து, கரும்பலகையில், ஆசிரியரின் கையால் ஒரு பகுதியை எழுதுவது. 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே.ஆர். மார்ட்டின், ஜோன் ராதரி முதலியோர் பள்ளி எழுத்துக்கென ஒரு சுழற்சியை வகுத்தார்கள். மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, சேர்ந்து எழுதுவது, தனியே எழுதுவது என்று அதில் மூன்று கட்டம். நம் வகுப்புகளில் முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவதற்குத் தாவுகிறோம். நடுவில் உள்ளதில்தான் பிள்ளைகள் எழுத்து உருவாவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். அச்சில் வந்த மாதிரி முடிந்துபோன ஒன்று. அதில் அடித்தலும் இல்லை, தயக்கமும் இல்லை.

உத்தி அதே உத்தியாக இருக்கட்டும். பொருள் முழுக்க வேறாக இருக்கட்டும். ஒரு பையன் குருவிக்கூட்டை எட்டிப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி சொல்லுங்கள் என்றால், "கதிர் ஆவலோடு ஸ்டூலில் ஏறினான்" என்று வரும். மறுக்காமல் எழுதுங்கள். எழுதிவிட்டு உரக்க யோசியுங்கள்: "ஆவலோடு என்று நாமே சொல்லிவிட்டோம். மலரின் கதையில் கவலை என்ற சொல் வந்ததா? ஆவலாக இருக்கிறவன் என்ன செய்வான்?" தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான் என்று ஒரு பிள்ளை சொல்லும். "ஆவலோடு" என்பதை எல்லோர் கண்ணெதிரிலும் அடியுங்கள். அடிப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். மெல்ல மெல்ல இப்படி ஒன்று உருவாகலாம்:

"ஸ்டூலைப் போட்டு ஏறினான் கதிர். மூன்று முட்டை. டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் ஏறினான். மூன்று முட்டை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்தினான். கூட்டுக்குள் ஒரு சின்ன வாய் திறந்து மூடியது."

இப்படி வராமல் நொண்டிக்கொண்டு வந்தாலும் கவலைப்படாதீர்கள். ஒரு வரிக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, வகுப்பு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் காரணமும் சொன்னால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. முன்பே வீட்டில் எழுதி வைத்ததைப் பலகையில் படி எடுக்க மட்டும் வேண்டாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; தாங்கள் சொல்வதற்கு மதிப்பில்லை என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

படியெடுத்தலைத் தடுக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இரண்டாவது மாதிரி. ஒரு மாதிரி மட்டும் இருந்தால் அது வார்ப்பு அச்சு ஆகிவிடுகிறது. அதே உத்தியை வேறு விதமாகக் கையாளும் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால், எது மாறக்கூடியது, எது உத்தியின் உயிர் என்பது தெளிவாகிறது. இதைப் பாருங்கள்:

"தொலைபேசி ஒலித்தது. தாத்தா ஓடி வந்து எடுத்தார். தவறான அழைப்பு. மறுபடியும் ஒலித்தது. தாத்தா நடந்து வந்து எடுத்தார். தவறான அழைப்பு. மூன்றாம் முறை ஒலித்தபோது தாத்தா எழுந்திருக்கவில்லை."

மலரின் கதையில் மூன்றாம் முறை நிகழ்ச்சி மாறியது. இங்கே நிகழ்ச்சி அப்படியே இருக்கிறது, மனிதர் மாறிவிட்டார். இந்த வேறுபாட்டை பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்களா என்று கேட்காதீர்கள். கண்டுபிடிப்பார்கள். ஓடி, நடந்து என்ற இரண்டு சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னால் போதும். சிலர் அதற்கும் மேலே போய், மூன்றாவது அழைப்பு உண்மையில் யாருடையது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். அதை எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தனியாக எழுதும் நாளில் மாதிரிகளை மூடிவிடுங்கள். பலகையைத் துடைத்துவிடுங்கள், தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாசித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஓரிரு நாள் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. இது பழைய வழி. அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் தம் எழுத்தைச் செம்மைப்படுத்திக்கொண்ட விதத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஸ்பெக்டேட்டர் இதழின் கட்டுரை ஒன்றைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் மிகச் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தம் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதுவார். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சில நேரம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, வாரங்கள் கழித்து அவற்றை ஒழுங்காக அடுக்கவும் முயன்றிருக்கிறார். கருத்தை வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்வதற்காக. சிறு சிறு இடங்களில் மூலத்தைவிடத் தாம் நன்றாக எழுதிவிட்டதாகவும் அவருக்குச் சில சமயம் தோன்றியதாம். எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த இடைவெளிதான். சொற்கள் மறந்துபோக நேரம் கொடுத்தால், கைக்கு வருவது சொந்தச் சொல்.

வகுப்பில் இதை அப்படியே செய்யலாம். முக்கியமாக முழுக் கதையின் கட்டமைப்பைச் சொல்லித் தரும்போது இது கைகொடுக்கும். கதையை ஐந்தாறு வரிக் குறிப்பாகச் சுருக்கட்டும். அதில் ஆள்பெயர், இடப்பெயர், பொருளின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. "ஒருவர் ஒன்றைத் தேடுகிறார். தவறான இடத்தில் தேடுகிறார். தேடும்போது எதிர்பாராத வேறொன்று கிடைக்கிறது" என்று எலும்புக்கூடு மட்டும் மிஞ்சட்டும். அந்தக் கூட்டுக்குள் நாய்க்குட்டி இல்லாததால் நாய்க்குட்டிக் கதை திரும்பி வராது. குறிப்பைச் சீட்டுகளாக வெட்டிக் கலைத்துப் போட்டு, முடிவிலிருந்து தொடங்கினால் கதை எப்படிப் போகும் என்று பேச வைக்கலாம்.

மாதிரிகளை எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாம் சறுக்குகிற இடம் இது. உவமைகள் நெருக்கியடிக்கும் அலங்கார நடைப் பகுதியை எடுக்காதீர்கள். நிலவு போன்ற முகம், முத்துப் போன்ற பல் என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவற்றைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்; பிறகு அவற்றை விடுவிப்பது பெரும்பாடு. நீதி சொல்வதற்காகவே எழுதப்பட்ட கதைகளும் இதற்கு உதவாது. அவற்றில் முடிவு முன்பே தீர்மானமாகிவிடுவதால் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. நீங்களே எழுதுங்கள். எட்டு வரி போதும். நீங்கள் எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. எந்த உத்தியைச் சொல்லித்தரப் போகிறீர்களோ அதற்காகவே எழுதிய எட்டு வரி, பெரிய எழுத்தாளரின் எட்டுப் பக்கத்தைவிட உங்கள் வகுப்புக்குப் பயன்படும். முந்தைய ஆண்டு மாணவர்களின் எழுத்தையும், அவர்கள் ஒப்புக்கொண்டால், பெயரை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் அது பொக்கிஷம். தன் வயதுப் பிள்ளை ஒன்று மோசமாகத் தொடங்கி நன்றாக முடித்திருப்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் துணிச்சல், எந்த அச்சுப் புத்தகத்திலும் கிடைக்காது.

தமிழில் மாதிரிப் பகுதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. கற்பனை நிறைய இருந்தும் வாக்கியம் வராமல் திணறுகிற பிள்ளை, பல நேரம் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வாயில் வருவதை எழுதினால் பிழை என்கிறோம்; எழுத்து நடையோ காதில் ஏறவில்லை. நல்ல பகுதிகளை உரக்க வாசித்து, பிள்ளைகளையும் வாசிக்க வைத்து, பாராமல் சொல்ல வைத்தால், எழுத்துத் தமிழின் ஓசை மெல்லப் படிகிறது. தினமும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எழுத்துப் பாடவேளையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. உரையாடல் வரும் பகுதிகளையும் இடையிடையே கொடுங்கள். பாத்திரங்கள் தங்கள் பேச்சில் பேச, கதை சொல்பவர் எழுத்து நடையில் சொல்வதைப் பார்த்தால், இரண்டுக்கும் கதையில் இடம் உண்டு என்பது அவர்களுக்கு விளங்கும்.

இவ்வளவு செய்தாலும் மாதிரி மட்டுமே எல்லாவற்றையும் சாதித்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு முறை பிள்ளைகளின் எழுத்தை எவ்வளவு மேம்படுத்துகிறது என்று காட்டும் எண்ணை விளைவு அளவு என்பார்கள். மாதிரிகளை ஆராய வைப்பதன் விளைவு அளவு அதில் 0.25, நன்மை உண்டு, ஆனால் சிறியது. திட்டமிடவும் திருத்தவும் எழுதவும் வழிமுறைகளை வெளிப்படையாகக் கற்றுத்தருவதன் அளவு 0.82. சேர்ந்து திட்டமிட்டு, எழுதி, திருத்துவதற்கு 0.75. இலக்கணத்தை எழுத்திலிருந்து பிரித்துத் தனியாக நடத்தியபோது விளைவு சுழிக்கும் கீழே போயிருந்தது. இந்த எண்கள் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மாதிரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் கிடைப்பது கொஞ்சம். மாதிரியைச் சுற்றி நடக்கும் பேச்சு, சேர்ந்து எழுதுதல், திருத்துதல் ஆகியவற்றில்தான் பெரிய பலன் இருக்கிறது.

இனி மதிப்பெண். குட்டி திரும்பி வராமல் கதையை முடித்த அந்த மாணவியின் நோட்டை மறுபடியும் எடுங்கள். மற்ற வரிகள் எல்லாம் மாதிரியின் வரிகளாகவே இருக்கட்டும். முடிவை மாற்றியதால் கதையின் பொருளையே அவள் மாற்றிவிட்டாள். வகுப்பில் அந்த நாளில் எழுத்தாளராக ஒரு முடிவை எடுத்தவள் அவள்தான். அவளை அழைத்து, ஏன் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, மதிப்பெண்ணை மாற்றுங்கள். அப்படி முடிக்கப்போகிற கதை முதல் வரியிலிருந்தே எப்படி வேறாகத் தொடங்கியிருக்கலாம் என்று அவளோடு சேர்ந்து யோசியுங்கள். அவளுக்கு இப்போது தேவை அந்த அடுத்த படி.

பொதுவாக, மாதிரிக்கு எவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறது என்று அளக்காதீர்கள். எழுதி முடித்ததும் பிள்ளையே ஓரத்தில் இரண்டு குறிப்புப் போடட்டும்: எங்கே அந்த உத்தியைப் பயன்படுத்தினேன், எங்கே என் விருப்பப்படி விலகினேன். பிறகு நீங்கள் படிக்கும்போது அந்த இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் பேசினாலே போதுமானது. எழுத்துப் பிழைகளை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சில பள்ளிகளில் "மூன்று உவமை, இரண்டு உரையாடல், ஒரு பழமொழி" என்று பட்டியல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் பிள்ளை, மலரின் கதையில் "புயல்போல் ஓடினாள்" என்று ஓர் உவமையைச் செருகும். அந்த வரியிலேயே கதை செத்துவிடும். ஆனால் மதிப்பெண் கிடைக்கும். தவறானதற்குப் பரிசு கொடுத்துப் பழக்குவதைவிட மதிப்பெண்ணே போடாமல் இருப்பது மேல்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் படியெடுப்பார்கள். வாக்கியம் எழுதவே சிரமப்படும் பிள்ளை மாதிரியின் வரிகளை இரவல் வாங்கிக் கடைசி வரியை மட்டும் மாற்றினால், அதை முதல் அடியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டு வரி மாற்றச் சொல்லுங்கள். மறுபுறம், உத்தியைக் கேட்ட மாத்திரத்தில் தன் போக்கில் எங்கோ பறந்துவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். "மூன்றாம் முறை எங்கே?" என்று அவர்களைத் திரும்ப இழுக்காதீர்கள். நன்றாக எழுதியிருந்தால் அந்த எழுத்தே அடுத்த வகுப்புக்கு மாதிரி ஆகட்டும். அதை வாசிக்கும் நாளில் உங்கள் மூத்த ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

இரண்டு பாடவேளை போதுமா என்றால், வாரம் ஒரு கதை என்ற கணக்கை விட்டுவிட்டால் போதும். மூன்று வாரத்தை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பாடவேளை கிடைக்கும். முதலாவது முழுக்க வாசிப்பும் பேச்சும். இரண்டாவது வாக்கிய விளையாட்டு. மூன்றாவது பலகையில் சேர்ந்து எழுதுவது. நான்காவது இரண்டாம் மாதிரியும், என்ன எழுதப் போகிறேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பார்ப்பதும். ஐந்தாவது மாதிரியை மூடிவிட்டுத் தனியே எழுதுவது. ஆறாவதில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, ஓர் இடத்தையாவது திருத்துவது. முதல் சுற்றில் முழுக் கதை கேட்காதீர்கள். பத்து வரி கேளுங்கள். இரண்டாவது சுற்றில் கதையின் தொடக்கம், மூன்றாவதில் முடிவு என்று போனால், நான்காவது சுற்றில் முழுக் கதை கேட்கலாம். அதற்கான மாதிரியாக அந்த நாய்க்குட்டிக் கதை வேண்டாம். பிள்ளைகள் இதுவரை கேட்டிராத புதிய கதைகள் இரண்டைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.